தரவு மையத்துக்கு மக்கள் பணம் எதற்கு? கேள்வி பதில்

நிறுவனங்களின் வரிக் கணக்கைப் பார்ப்பது என் தொழில். இணையச் சேவைகளுக்கான கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் பெரிய தரவு மையங்களுக்கு அரசு அள்ளிக் கொடுக்கும் சலுகைகளை அமெரிக்காவில் பல ஊர் மக்கள் எதிர்த்து வருகிறார்கள். அது பற்றியும் நம் பக்கத்து நிலவரம் பற்றியும் பினாங்கு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். என் நிலை இதுதான்: தரவு மையம் வரட்டும், ஆனால் அதன் செலவை அதுவே ஏற்கட்டும்.

பட்டர்வொர்த் வாசகர்: அண்ணே, அரசாங்கம் கையில் காசு கொடுப்பதில்லையே. வரியைக் குறைத்தால் அது எப்படி மானியமாகும்?

வர வேண்டிய வரியை வேண்டாம் என்று விட்டாலும் கஜானாவில் அதே அளவு பள்ளம்தான் விழும். நம் மலேசியாவில் மின்னிலக்கக் கட்டமைப்பு நிறுவனங்களுக்கு மீடா (மலேசிய முதலீட்டு மேம்பாட்டு வாரியம்) வழியாக முதலீட்டு வரிக் கழிவு கிடைக்கிறது. தகுதியான மூலதனச் செலவில் 100 விழுக்காடு வரை, 10 ஆண்டுகள் வரை கழித்துக்கொள்ளலாம். கணக்குக்காக ஒரு நிறுவனம் 100 கோடி ரிங்கிட் செலவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவு லாபம் வரும்போது அதற்கு வரி கிடையாது. நிறுவன வரி 24 விழுக்காடு. ஆக, 24 கோடி ரிங்கிட் அரசுக்கு வராமல் போகும். எல்லா நிறுவனங்களுக்கும் வழக்கமாகக் கிடைக்கும் மூலதனக் கழிவு இதில் சேராது, அது தனி. இதெல்லாம் சட்டப்படி நடப்பதுதான், திருட்டு இல்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

பத்து காவான் அம்மா ஒருவர்: என் மகன் மின்னியல் டிப்ளோமா படிக்கிறான். அங்கே அவனுக்கு வேலை கிடைக்குமா ஐயா?

கிடைக்கலாம் அம்மா. குளிரூட்டும் இயந்திரம், மின்மாற்றி, ஜெனரேட்டர் என்று அங்கே பராமரிப்பு வேலை உண்டு, நல்ல வேலையும்கூட. ஆனால் ஆள் எண்ணிக்கை குறைவு. அமெரிக்காவில் தரவு மையங்கள் மிக அதிகமாக இருக்கும் வர்ஜீனியாவில், அந்த மாநிலச் சட்டமன்றத்தின் ஆய்வுக் குழு 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இரண்டரை லட்சம் சதுர அடி மையம் ஒன்றைக் கட்டும்போது உச்சக் கட்டத்தில் 1,500 பேர் வரை வேலை செய்கிறார்கள். கட்டி முடித்த பிறகு இருப்பவர்கள் சுமார் 50 பேர். அவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர் ஒப்பந்த ஊழியர்கள்.

மேலே சொன்ன 24 கோடியை 50-ஆல் வகுத்தால் ஒரு வேலைக்கு 48 லட்சம் ரிங்கிட் வருகிறது. இதே பத்து காவானில், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகளுக்கும் சலுகை தரப்பட்டது. ஆனால் அங்கே ஒரு கூரையின் கீழ் ஆயிரக்கணக்கானோர் சம்பளம் வாங்கினார்கள். தோட்டம் மூடியதும் நம் பிள்ளைகள் பலர் கரையேறியது அந்த வேலைகளால்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜோர்ஜ் டவுன் மாணவி: அமெரிக்காவில் எதிர்த்தவர்கள் ஜெயித்தார்களா?

சில இடங்களில். அரிசோனாவில் டூசான் நகர மன்றம் 2025 ஆகஸ்டில் 'புராஜெக்ட் புளூ' என்ற பெரிய திட்டத்தை ஒருமனதாக நிராகரித்தது. பாலைவன ஊர் என்பதால் தண்ணீர்க் கவலை. அதோடு, பின்னால் இருப்பது எந்த நிறுவனம் என்றே தெரியாதபடி ரகசிய ஒப்பந்தங்கள் இருந்ததும் மக்களைக் கொதிக்க வைத்தது. ஆனால் திட்டக்காரர்கள் விடவில்லை. நகர எல்லைக்குள் சேராமலே, காற்றால் குளிரூட்டும் மாற்றுத் திட்டத்தோடு திரும்பி வந்தார்கள்.

ஜார்ஜியா மாநிலத்தில் தரவு மையங்களுக்கான விற்பனை வரி விலக்கை நிறுத்திவைக்கும் மசோதா 2024-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது, ஆளுநர் தடுத்துவிட்டார். வர்ஜீனியாவில் விற்பனை வரி விலக்கால் 2023 நிதியாண்டில் மட்டும் 92.8 கோடி டாலர் விட்டுக்கொடுக்கப்பட்டது. அந்தத் தொகையை வெளியே சொல்லும் வழக்கமாவது அங்கே இருக்கிறது. இங்கே நாம் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்.

பிறை வாசகர்: கிளவுட், ஏஐ எல்லாம் நாமும்தானே பயன்படுத்துகிறோம்?

ஆமாம். அரிசியும்தான் வாங்குகிறோம், அதற்காக அரிசி ஆலை வரி கட்ட வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: தண்ணீர், கரண்டு கதை என்ன? பயமுறுத்தல் ஜாஸ்தி என்கிறார்களே?

எல்லா மையமும் ஒரே மாதிரி தண்ணீர் குடிப்பதில்லை. ஆவியாக்கிக் குளிரூட்டினால் தண்ணீர் நிறைய போகும். மூடிய சுற்றில் காற்றால் குளிரூட்டினால் தண்ணீர் குறையும், மின்சாரம் கூடும். அதனால் எந்த முறை என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

மின்சாரத்தைப் பாருங்கள். 100 மெகாவாட் மையம் ஆண்டு முழுக்க முழு அளவில் ஓடினால் 87.6 கோடி யூனிட். மாதம் 300 யூனிட் செலவழிக்கும் வீடு என்றால் சுமார் 2.4 லட்சம் வீடுகளுக்கு ஆகும். அதற்கான துணைமின் நிலையமும் கம்பிப் பாதையும் யார் செலவில் என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

பினாங்குக்குத் தண்ணீர் இன்னும் பெரிய தலைவலி. நம் குழாய்த் தண்ணீரில் பெரும் பங்கு, கெடாவிலிருந்து வரும் மூடா ஆற்றைத்தான் நம்பியிருக்கிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது நான்கு நாள் நாம் பட்ட பாடு மறந்திருக்காது. அப்படிப்பட்ட மாநிலத்தில் தண்ணீரை மலிவாக அள்ளிக் கொடுப்பது சரியில்லை.

நிபோங் திபால் வாசகர்: நாம் பிகு பண்ணினால் முதலீடு ஜொகூருக்குப் போய்விடாதா?

இந்தக் கேள்வியைக் காட்டித்தான் எல்லா மாநிலங்களையும் ஒன்றோடொன்று மோத விடுகிறார்கள். ஜொகூருக்குக் கூட்டம் போனதற்குச் சலுகை மட்டும் காரணமில்லை. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தது, பக்கத்தில் நிலமும் மின்சாரமும் கிடைத்தன. அந்த ஜொகூரே 2024-இல் தனிக் குழு அமைத்து, வந்த விண்ணப்பங்களில் சுமார் 30 விழுக்காட்டைத் தள்ளிவிட்டது. அதற்காக முதலீட்டாளர்கள் ஓடிப்போய்விடவில்லை.

பிறை, தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றின் செயலாளர்: எங்கள் பக்கத்துக் காலி நிலத்தில் தரவு மையம் வருகிறது என்று பேச்சு. யாரிடம் போய்க் கேட்பது?

அமெரிக்க ஊர்க்காரர்களுக்கு இருக்கும் ஒரு பிடி நமக்கு இல்லை. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் நியமனம்தான். ஓட்டு போட்டு அவர்களை மாற்ற முடியாது. அதனால் சுற்று வழியில் போக வேண்டும்.

நிலமும் தண்ணீரும் மாநிலத்தின் கையில், வருமான வரிச் சலுகை கூட்டரசின் கையில். மாநிலப் பக்கம் பினாங்குக்கு 2010-லேயே தகவல் சுதந்திரச் சட்டம் உண்டு. அதன்படி நிலம், தண்ணீர் பற்றிய ஆவணம் கேட்டு விண்ணப்பியுங்கள். ரகசியம் என்று மறுத்தாலும், அந்த மறுப்பை எழுத்தில் வாங்கி வையுங்கள். திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டம் (எந்த நிலத்தில் என்ன வரலாம் என்ற வரைவு) அமலுக்கு வராத இடமென்றால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பி ஆட்சேபம் கேட்க வேண்டும். அந்தக் கடிதம் யாருக்காவது வந்ததா என்று வீடு வீடாக விசாரியுங்கள், அதில் கெடு இருக்கும்.

அப்புறம் உங்கள் சட்டமன்ற உறுப்பினரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் தனித்தனியாகப் பாருங்கள். வாய்மொழிப் பேச்சு வேண்டாம், அவையில் கேட்கும்படி கேள்வியை எழுதியே கொடுங்கள்: எத்தனை மெகாவாட், நாளுக்கு எத்தனை லிட்டர், என்ன விலைக்கு, எத்தனை நிரந்தர வேலை, எத்தனை ரிங்கிட் வரி விடப்படுகிறது, சொன்ன வேலைகள் வராவிட்டால் சலுகையைத் திரும்பப் பிடிக்க ஒப்பந்தத்தில் இடமிருக்கிறதா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.