சினைப்பைக் கட்டியும் கருக்குழாய் வீக்கமும்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகிகள் கேட்டவை

கே: வயது 29. இடது சினைப்பையில் 4 செ.மீ. நீர்க்கட்டி. மூன்று மாதம் கழித்து வா என்கிறார் டாக்டர். அதுவரை சும்மா இருப்பதா?

ப: இருக்கலாம். மாதாமாதம் முட்டை வளரும் பை 2 முதல் 2.5 செ.மீ. வரை பெருத்துத்தான் வெடிக்கும். வெடிக்காத மாதத்தில் நீர் கோத்து இன்னும் வளரும். உங்களுடையது பெரும்பாலும் அதுதான். இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் வற்றிவிடும். ஸ்கேன் தாளில் அளவை மட்டும் பார்க்காதீர்கள். சுவர் மெல்லியதா, உள்ளே வெறும் நீரா, நடுவே தடுப்புச் சுவர் இருக்கிறதா, சதை முளைத்திருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் நீர் என்றால், மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு 5 செ.மீ. வரை பயமில்லை. 5 முதல் 7 வரை ஆண்டுக்கொரு ஸ்கேன். அதற்கு மேல் எம்.ஆர்.ஐ. அல்லது அறுவை.

அடுத்த ஸ்கேனை மாதவிலக்கு முடிந்த கையோடு எடுங்கள். நடுமாதத்தில் எடுத்தால் புதிதாக வளரும் முட்டைப்பையே கட்டிபோல் தெரிந்து குழப்பும். வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேன் என்றால் ஒரு மணி நேரம் முன்பே 4 கிளாஸ் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு போங்கள்.

கே: மகளுக்கு 19. வலது பக்கம் 6 செ.மீ. டெர்மோய்ட் கட்டி, உள்ளே முடி இருக்கிறதாம். விட்டுவிட்டு வலிக்கிறது. குடலேற்றம், எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும் என்கிறார் மாமியார்.

ப: தயவுசெய்து நீவ விடாதீர்கள். இந்தக் கட்டி கனமானது. சினைப்பையோடு சேர்ந்து தன் காம்பிலேயே முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் ரத்தம் போவது நின்று, சில மணி நேரத்திலேயே சினைப்பை கருக ஆரம்பிக்கலாம். சட்டென்று ஒரு பக்கம் குத்தும் வலி, கூடவே வாந்தி. சில நேரம் வலி தணிந்து மறுபடி வரும். தணிந்ததும் ‘நீவியதில் சரியாகிவிட்டது’ என்று வீட்டில் இருந்துவிடுவதில்தான் ஆபத்து. வலது பக்கம் என்பதால் குடல்வால் வலி என்றும் தவறாக நினைக்கலாம். எனவே ஸ்கேன் தாளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வலி வந்தால் சோறு தண்ணீர் கொடுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லாவிட்டால் 999. சீக்கிரம் முறுக்கை எடுத்துவிட்டால் சினைப்பையைக் காப்பாற்றலாம்.

முடி இருப்பது செய்வினை இல்லை, அம்மா. முட்டையாகும் செல்லுக்கே தோல், முடி, பல் எல்லாம் உண்டாக்கும் சக்தி உண்டு. பெரும்பாலும் புற்றுநோயும் இல்லை.

கே: கருக்குழாயில் நீர் கோத்திருக்கிறது. ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) செய்யப்போகிறோம். குழாயை எடுக்கச் சொல்கிறார்கள். ஏன்?

ப: பழைய கிருமித்தொற்றால் குழாயின் நுனி ஒட்டிக்கொண்டு நீர் தேங்கியிருக்கிறது. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து, வைக்கும் கருவைத் தங்கவிடாது. வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும். குழாயை எடுத்துவிடலாம், அல்லது கருப்பையோடு சேரும் இடத்தில் அதை அடைத்துவிடலாம்.

கே: வயது 35. சிஏ-125 ரத்தப் பரிசோதனையில் 52. புற்றுநோயா?

ப: சிஏ-125 என்பது சினைப்பைப் புற்றுநோயில் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம். இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அளவு 35-க்குள் இருந்தால் சாதாரணம் என்பார்கள். ஆனால் சாக்லேட் கட்டி (சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி), ஃபைப்ராய்ட் (கருப்பைத் தசைக்கட்டி), கர்ப்பம், ஏன், மாதவிலக்கு நாள்கூட அதை ஏற்றும். ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கே: வயது 58. ஒரு மாதமாக வயிறு உப்புசம். இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது. காஸ்ட்ரிக் மருந்து எடுக்கிறேன். போன வருட பாப் ஸ்மியர் நன்றாகத்தான் இருந்தது.

ப: பாப் ஸ்மியர் கருப்பை வாயை மட்டுமே பார்க்கும்; சினைப்பையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஐம்பதுக்கு மேல் புதிதாக வந்து நீடிக்கும் உப்புசம், அடிக்கடி சிறுநீர், பாவாடை நாடா வழக்கமான இடத்தில் எட்டாமல் போவது, இவற்றை வயிற்றுவாயு என்று தள்ளிவிடக்கூடாது. சினைப்பைப் புற்றுநோய் என்று சொல்வதில் பல, கருக்குழாயின் நுனியில் தொடங்குபவை; ஆரம்பத்தில் வலிக்காது. இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான் (ரிங்கிட்). எத்தனை நாளாக, வாரத்தில் எத்தனை தடவை என்று எழுதிக்கொண்டு போங்கள். அம்மா, அக்கா தங்கைக்கு மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்கேனும் சிஏ-125-ம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். காஸ்ட்ரிக் மருந்தை மட்டும் மறுபடி வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.