ஓசிஐ அட்டை வைத்துக்கொண்டு மாந்தோப்பு வாங்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டேன். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருக்கிறது. அப்பாவின் நிலத்தை ஒட்டி 2 ஏக்கர் மாந்தோப்பு விலைக்கு வருகிறது. "பணத்தை அனுப்பு, என் பேரில் கிரயம் பண்ணிக்கலாம்" என்கிறார் அண்ணன். அப்பா தன் நிலத்தையே எனக்கு செட்டில்மெண்ட் எழுதித் தருவதாகச் சொல்கிறார். தளி பக்கம் ஒரு புரோக்கர் ஃபார்ம் பிளாட் காட்டுகிறார். எது சரி?

பதில்: மூன்றுமே வேண்டாம்.

ஃபெமா என்னும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த 2019 விதிகளின்படி, ஓசிஐ அட்டை உள்ளவர் இந்தியாவில் வீடு, வீட்டுமனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் குடியிருப்பவருக்கும் இதே தடைதான். பத்திரம் பதிவாகிவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். உங்களுக்கு ஃபெமா தகுதி உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை அல்ல. பதிவு நடந்துவிடும்; மீறல் பிறகு தெரிந்தால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் வரலாம்.

அண்ணன் யோசனை இதைவிட ஆபத்து. உங்கள் பணம், உங்கள் பலனுக்காக, அவர் பெயர் என்றால் அது பினாமி. சொத்து பறிமுதல் ஆகும். 1 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். உடன்பிறந்தவர்கள் கூட்டாகப் பெயர் போட்டு வாங்க பினாமி சட்டத்தில் விலக்கு உண்டுதான். ஆனால் தோப்பில் உங்கள் பெயரே வரக்கூடாதே! பணத்தை அண்ணனுக்கு உண்மையான அன்பளிப்பாகக் கொடுத்தால் தவறில்லை. அப்போது தோப்பு அவருடையது, அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளுடையது. அதற்கு மனசு ஒப்புமா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா விஷயத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நம் ஊரில் பிள்ளைகளுக்கு செட்டில்மெண்ட் எழுதுவது சர்வசாதாரணம். உங்களுக்கு எழுதினால் விவசாய நிலத்தை அன்பளிப்பாகப் பெற்றதாக ஆகும்; அதுவும் தடைதான். அதே நிலம் வாரிசாக வந்தால் தடையில்லை. அதனால் அப்பா உயில் எழுதட்டும், அதைப் பதிவும் செய்யட்டும். பூர்வீகச் சொத்தானால் அவர் பங்குக்கு மட்டுமே உயில் எழுத முடியும். அப்படி வந்த நிலத்தைப் பின்னாளில் விற்பதானால், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம்.

ஃபார்ம் பிளாட் என்பது பெரும்பாலும் வேலி போட்டு துண்டு துண்டாக்கிய புஞ்சைதான். புரோக்கரிடம் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தந்த மனைப்பிரிவு அனுமதி எண்ணைக் கேளுங்கள். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, என்னதான் வாங்கலாம்? ஓசூரில் டிடிசிபி அனுமதியுள்ள மனை அல்லது அடுக்குமாடி வீடு பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேலோ 8 வீட்டுக்கு மேலோ உள்ள திட்டமானால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு இருக்க வேண்டும். தாய்ப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சர்வே எண்ணின் உட்பிரிவு பட்டாவில் ஒன்றும் பத்திரத்தில் ஒன்றுமாக இருந்தால் முன்பணமே கொடுக்காதீர்கள். பணம் வங்கி வழியாக, அல்லது உங்கள் என்ஆர்இ, என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்போருக்கான இந்திய வங்கிக் கணக்குகள்) கணக்கிலிருந்து போகட்டும். ஊருக்கு வரும்போது கையில் கொண்டுவரும் டாலர் நோட்டில் கொடுக்கக்கூடாது. அந்த வங்கி ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் விற்று, போட்ட பணத்தை வெளியே கொண்டுபோக அவைதான் ஆதாரம். வீடுகளில் இந்த வசதி இரண்டுக்கு மட்டுமே.

கிரயத்துக்கு நேரில் வர முடியாவிட்டால் அண்ணனுக்கு பவர் கொடுக்கலாம். சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினால், அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பவரில் வாங்குவதற்கான அதிகாரம் மட்டும் எழுதுங்கள். விற்கும் அதிகாரம் வேண்டாம், அண்ணனாகவே இருந்தாலும்.