40 ஆண்டுகள் வெட்டப்பட்ட நிசீன் மார்க்ஸ் காட்டைத் திரும்ப நட்டது யார்?

பெரும்பாலும் யாரும் நடவில்லை. வெட்டிய அடிக்கட்டைகளே மறுதாம்பு விட்டு எழுந்த ரெட்வுட் காடு அது. ரெட்வுட் என்பது மிக உயரமாக வளரும் ஓர் ஊசியிலை மரம். (செம்மரம் என்று எழுதினால் ஆந்திரச் செம்மரத்தோடு குழம்பும், அதனால் ரெட்வுட் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

இடம் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் கவுண்டியில், ஆப்டாஸ் ஊருக்கு மேலேயுள்ள மலைச்சரிவு. 1883 முதல் 1923 வரை லோமா பிரியேட்டா லம்பர் கம்பெனி இங்கே மரம் வெட்டியது. ஆப்டாஸ் ஓடையை ஒட்டி சதர்ன் பசிபிக் ரயில் பாதை போட்டார்கள். அதில் பெரும் உழைப்பு சீனத் தொழிலாளர்களுடையது. வெளியே போன மரம் சுமார் 14 கோடி போர்டு அடி. 12 போர்டு அடி சேர்ந்தால் ஒரு கன அடி என்பதால், நம் மரக்கடைக் கணக்கில் 1 கோடியே 16 லட்சம் கன அடிக்கும் மேல்.

காடு எப்படித் திரும்பியது என்பதைப் புரிந்துகொள்ள, எப்படி வெட்டினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ரெட்வுட்டின் அடி புடைத்திருக்கும், அங்கே நாரும் முறுக்கும். அதனால் தரையோடு அறுக்காமல், ஆள் உயரத்துக்கு மேலே அறுப்பார்கள். தண்டில் கோடரியால் துளைகள் வெட்டி, இரும்பு முனை வைத்த பலகைகளைச் செருகி, இருவர் அவற்றின்மேல் நின்றுகொள்வார்கள். மரம் சாய வேண்டிய பக்கம் கோடரியால் வாய் வெட்டு, எதிர்ப்பக்கம் இருவர் இழுக்கும் நீள ரம்பம், அறுத்த இடத்தில் ரம்பம் சிக்காமலிருக்க இரும்பு ஆப்பு. விழும் இடத்தில் கிளைகளைப் பரப்பி மெத்தை போடுவார்கள். மெத்தை சரியில்லாவிட்டால் 200 அடி மரமும் விழுந்த அதிர்ச்சியில் நொறுங்கிவிடும். ரெட்வுட் அவ்வளவு முறிகிற கட்டை.

ஆக, அடியும் வேரும் மண்ணில் அப்படியே நின்றன. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவற்றை வெட்டினால் அதோடு கதை முடிந்தது. ரெட்வுட் அப்படியில்லை. தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தில் உறங்கும் மொட்டுகள் சில வாரங்களிலேயே துளிர்க்கும். ஒரே கட்டையைச் சுற்றி நூற்றுக்கணக்கில் வரும். வெளிச்சத்துக்குப் போட்டியிட்டுக் கடைசியில் சிலவே மிஞ்சும். கட்டையின் உயரத்தில் துளிர்த்தவை காற்றுக்கு எளிதில் பிய்ந்துவிடும். மண்ணை ஒட்டி வந்தவைதான் தம் வேரை ஊன்றி நிலைக்கும். தாய் மரத்தின் வேர் முழுதும் கையிலிருப்பதால் வளர்ச்சி வேகம் அதிகம்: நல்ல மண்ணில் 50 ஆண்டில் 100 அடி தாண்டும். விதையிலிருந்து வரும் கன்றால் இதோடு ஓட முடியாது.

அங்கே போனால் இதை நேரிலேயே சரிபார்க்கலாம். பாசி படிந்த ஒரு பெரிய கட்டையைத் தேடுங்கள். தலைக்குச் சற்று மேலேயோ கீழேயோ, கை நுழையும் அகலத்தில் இரண்டு துளைகள் கண்கள் மாதிரி தெரியும். பலகை செருகிய இடங்கள் அவை. நூறாண்டு கழிந்தும் அவை மக்காததற்குக் காரணம் கட்டையில் ஊறிய டானின் என்ற துவர்ப்புப் பொருள். சுற்றிலும் வட்டமாக நிற்கும் மரங்கள் பெரும்பாலும் மரபணுவில் அந்தத் தாய் மரமேதான். வட்டத்தின் குறுக்களவை அடி வைத்து அளந்தால், தாய் மரத்தின் பருமன் தோராயமாகக் கிடைக்கும். நடுவில் கட்டையே இல்லாமல் வட்டம் மட்டும் இருந்தால் நட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கட்டை எரிந்தோ மக்கியோ போயிருக்கும்.

1963இல் சாலினாஸின் மார்க்ஸ் குடும்பத்தார், தாய் நிசீனின் பெயரில், சுமார் 9,700 ஏக்கரை மாநிலத்துக்குக் கொடுத்தார்கள். அது பூங்காவானது. பழைய ரயில் தடங்கள் சில இன்று நடைபாதைகள். லோமா பிரியேட்டா கிரேடு என்ற பாதையின் சீரான ஏற்றம் அதனால்தான். 1989 அக்டோபர் 17இல் வந்த 6.9 அளவு நிலநடுக்கத்தின் மையப்புள்ளியும் இந்தக் காட்டுக்குள்தான்.

பசுமையைப் பார்த்து எல்லாம் திரும்பிவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உயரம் வந்துவிட்டது, முதுமை வரவில்லை. மார்பிள்ட் மர்லெட் என்ற கடற்பறவை கூடு கட்டுவதில்லை; பாசி மூடிய பருத்த கிளைமேல் நேராக ஒரே ஒரு முட்டை இடும். அதற்கு வேண்டியது பல நூறு ஆண்டு மரத்தின் கிளை. நூறு வயது ரெட்வுட்டின் கிளைகள் இன்னும் மெல்லியவை, முட்டை நிற்காது.