தூண்டில் கேள்வி–பதில்: இறகு மூழ்குவது ஏன்?

கேள்வி: நுவரெலியாப் பக்கம் ட்ரவுட் மீன் பிடிக்க, மிதக்கும் ஃப்ளை (தூண்டில் முள்ளில் இறகு சுற்றிச் செய்யும், பூச்சிபோன்ற போலி இரை) கட்டிப் பழகுகிறேன். கோழிக்கடையில் கேட்டு வாங்கிய கழுத்து இறகைத்தான் 14ஆம் இலக்க முள்ளில் சுற்றுகிறேன். தண்ணீரில் விழுந்ததும் மூழ்குகிறது; நாலு வீச்சில் இறகும் அவிழ்கிறது.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: கடையில் உரிக்கும் புரொயிலர் சில வாரங்களே வளர்ந்தது. அதன் கழுத்தில் முதிர்ந்த இறகே வந்திராது. இருப்பது பஞ்சுபோல் தண்ணீர் குடிக்கும். ஒரு வயது தாண்டிய ஊர்ச் சேவலின் கழுத்து இறகைத் தேடுங்கள். வளைத்தால் இழைகள் விறைத்து நிற்கவேண்டும். பேட்டுக்கோழி இறகையும் வீசவேண்டாம், மூழ்கும் ஃப்ளைக்கு அதுதான் நல்லது.

இழையின் நீளம் முள்ளின் வாய் அகலத்தில் (முனைக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி) ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். இரண்டைத் தாண்டினால் ஃப்ளை சாயும்.

அவிழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் அத்திவாரம் இல்லாமை. வெறும் கம்பியில் இறகுத் தண்டு வழுக்கும். முதலில் முள்ளின் உடலில் நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். இறகின் அடிப்பஞ்சைப் பிய்த்து, இரண்டு மில்லிமீற்றர் வெறுந்தண்டு வெளியே நிற்கும்படி ஐந்தாறு சுற்றில் கட்டுங்கள். அந்தத் துண்டு இல்லாவிட்டால் முதல் சுற்றிலேயே இழைகள் நூலுக்குள் சிக்கி நாலாபக்கமும் கோணும். பிறகு நுனியைக் கிளிப்பால் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நான்கைந்து சுற்று. நுனியைக் கட்டியதும் நூலை இழைகளூடாக ஆட்டி ஆட்டி ஒருதடவை கொண்டுபோங்கள். மீனின் பல் தண்டை அறுத்தாலும் முழுதாக அவிழாது. முள்ளின் காதுக்கு (நரம்பு கோக்கும் துளை) பின்னால் ஒரு காதளவு இடம் விடவேண்டும். புதியவர்கள் மறப்பது இதைத்தான். இடம் விடாவிட்டால் பிறகு தூண்டில் நரம்பு நுழையாது. முடிச்சின் மேல் நிறமில்லாத கியூடெக்ஸ் ஒரு துளி, ஊசிமுனையால்.

இன்னொன்று, கடல்மீனுக்கான தடித்த கம்பி முள்ளில் எவ்வளவு நல்ல இறகைச் சுற்றினாலும் மிதக்க வைப்பது கஷ்டம்.

கேள்வி: சேர்த்துவைத்த இறகைப் பூச்சி அரிக்கிறது. காட்டுக்கோழி இறகு பாவிக்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தோலும் கொழுப்பும் ஒட்டியிருந்தால் பூச்சி வரத்தான் செய்யும். அவற்றைச் சுரண்டி, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டு நீரில் அலசி, நிழலில் முற்றாக உலர்த்துங்கள். கொழும்பு ஈரக்காற்றில் அரைகுறையாகக் காய்ந்தது பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பையில் அடைத்து ஒரு வாரம் டீப் பிரீசரில் வைத்தெடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போடுங்கள்.

காட்டுக்கோழி வேண்டாம். அது நமது தேசியப் பறவை, சட்டப் பாதுகாப்பில் உள்ளது. சமன் (salmon) மீனுக்கான ஃப்ளைகளில் பார்க்கும் புள்ளியிட்ட இறகு இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியுடையது. நம்முடையதில் அந்தப் புள்ளியே கிடையாது.