தைராய்டுக்கும் யூரிக் ஆசிட்டுக்கும் என்ன உறவு?

மும்பையில் ஒரு மருத்துவமனை லேபில் முப்பது வருடம் ரத்தம் பார்த்தவன் நான். டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை. ரிப்போர்ட் என்ன பேசுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

மாட்டுங்கா வாசகி: டிஎஸ்எச் 42, யூரிக் ஆசிட் 7.3. டாக்டர் தைராய்டு மாத்திரை மட்டும் எழுதினார். யூரிக் ஆசிட்டை மறந்துவிட்டாரா?

தெரிந்துதான் விட்டிருப்பார், அம்மா. டிஎஸ்எச் என்பது தைராய்டை வேலை வாங்க மூளை அனுப்பும் ஹார்மோன்; அது இவ்வளவு ஏறினால் தைராய்டு ஹார்மோன் குறைவு என்று அர்த்தம். யூரிக் ஆசிட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அங்கே போகும் ரத்தமும் குறையும், வடிகட்டுவதும் மந்தமாகும். போகவேண்டியது உள்ளேயே தங்கிவிடும். அதே ரிப்போர்ட்டில் கிரியாட்டினினைப் (சிறுநீரகம் வடிகட்டும் இன்னொரு கழிவு) பாருங்கள், அதுவும் லேசாக ஏறியிருக்கலாம். கிட்னி போச்சு என்று அழுதுகொண்டு வந்தவர்களில் சிலருக்குத் தைராய்டு மட்டும்தான் கோளாறாக இருந்தது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் பலருக்கு இரண்டுமே இறங்கும். 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் பார்க்கும்போது இவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மூட்டுவலி, சிறுநீரகக் கல் எதுவும் இல்லாதபோது 7.3-க்கென்று பொதுவாகத் தனி மருந்து தருவதில்லை.

இன்னொன்று. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் லேபில் சொல்லிவிடுங்கள். சில கருவிகளில் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து காட்டும்.

செம்பூர்: எனக்குத் தைராய்டு அதிகம். அப்படியென்றால் யூரிக் ஆசிட் குறையத்தானே வேண்டும்?

அப்படிக் கணக்குப் போட முடியாது. உடம்பு வேகமாக ஓடும்போது பியூரின் (செல்களில் இருக்கும், உடைந்தால் யூரிக் ஆசிட் ஆகும் பொருள்) அதிகமாக உடைந்து, யூரிக் ஆசிட் உற்பத்தியும் கூடலாம்.

தாராவி: கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது. ஆனால் யூரிக் ஆசிட் 6.2 தான். அப்போது இது கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வாதம்) இல்லையா?

இருக்கலாம், தம்பி. வலி உச்சத்தில் இருக்கும்போது அளவு இறங்கி நார்மலாகத் தெரிவதுண்டு. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். தைராய்டையும் ஒரு தடவை பார்க்கலாம். ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடாதீர்கள். பீர், ஈரல், நெத்திலி, பிபிக்குத் தரும் சில நீர் மாத்திரைகள் எல்லாமே ஏற்றும். அதற்காக பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முலுண்ட்: சாம்பாரை விட்டுவிடவா?

வேண்டாம். பருப்பு அவ்வளவு குற்றவாளி இல்லை.

டோம்பிவிலி: 5:40 லோக்கலைப் பிடிக்கவேண்டும். தைராய்டு மாத்திரையையும் காபியையும் சேர்த்தே முடித்துவிடுகிறேன், பரவாயில்லையா?

டிஎஸ்எச் இறங்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். காபி மாத்திரையை ஒழுங்காக உறிஞ்சவிடாது. எழுந்ததும் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. அதுவும் முடியாதென்றால், ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் தைராய்டு என்றால், அவற்றை ஆபீஸ் டப்பாவோடு மதியம் வைத்துக்கொள்ளுங்கள்.