அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய்: சிகிச்சை நெருங்கும்போது

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 69. நான்கு வருடங்களுக்கு முன் சி.எல்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். மருந்து எதுவும் இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பதோடு சரி. இப்போது வெள்ளை அணுக்கள் 1,40,000. ஹீமோகுளோபின் 12.6-லிருந்து 10.4-க்கு இறங்கிவிட்டது. சீக்கிரம் சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார் டாக்டர். அப்பாவிடம் 'ரத்தத்தில் கிருமி' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். அவரும் அம்மாவும் கும்பகோணத்தில், நான் பெங்களூரில். நான்கு வருடத்தை வீணாக்கிவிட்டோமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வீணாக்கவில்லை. புற்றுநோய் என்று சொல்லிவிட்டு மருந்தே தராமல் அனுப்பினால் யாருக்குத்தான் மனம் ஆறும்? ஆனால் தொந்தரவு இல்லாதபோதே மருந்து தொடங்கினால் ஆயுள் கூடுகிறதா என்று பல நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கூடியதாகத் தெரியவில்லை, பக்கவிளைவுகள்தான் முன்கூட்டியே வந்தன. உங்கள் டாக்டர் காத்திருந்தது சரியான வைத்தியம்.

1,40,000 என்பதைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். இந்த நோயில் எண்ணிக்கையை விட, அது ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பாகிறதா என்பதுதான் முக்கியம். ஹீமோகுளோபின்தான் நான் கவனிப்பது. அது 10-க்குக் கீழே போனாலோ, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினாலோ, மண்ணீரல் மிகவும் வீங்கினாலோ, ஆறு மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, ராத்திரி சட்டை நனைய வியர்ப்பது ஒரு மாதமாக நிற்காவிட்டாலோ சிகிச்சையைத் தொடங்குவோம்.

ஆனால் இந்த வயதில் ஹீமோகுளோபின் குறைய இரும்புச்சத்து, பி12 குறைபாடு, குடலில் ரத்தக்கசிவு என்று வேறு காரணங்களும் உண்டு. சி.எல்.எல். உள்ள சிலருக்கு உடம்பே தன் சிவப்பணுக்களை அழித்துவிடும், அதற்கு வைத்தியமே வேறு. அது கூம்ப்ஸ் பரிசோதனையில் தெரியும். "இதெல்லாம் பார்த்தாச்சா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன அந்தக் 'கிருமி'. பாசத்தால் சொன்னது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் இனி அவர் மாத்திரையை ஒருநாளும் விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும், காய்ச்சல் என்றால் ராத்திரியே கிளம்ப வேண்டியிருக்கும். கிருமிதானே என்று நினைப்பவர், விடியட்டும் பார்க்கலாம் என்று படுத்துவிடுவார். நான்கு வருடமாகப் புற்றுநோய்ப் பிரிவின் வாசலில் காத்திருப்பவருக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்தும் இருக்கலாம். பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று கேட்காமல் இருந்த அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

போனில் சொல்லாதீர்கள், ஊருக்குப் போங்கள். "டாக்டர் சொன்னதையெல்லாம் நீங்க தெரிஞ்சுக்கணுமாப்பா?" என்று கேட்டுத் தொடங்குங்கள். நீயே பார்த்துக்கோம்மா என்று அவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான். கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். இந்த நோயை முழுதாகக் குணப்படுத்துவது அரிது, ஆனால் பல வருடம் கட்டுப்பாட்டில் வைக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு முன் 17பி (17p), டிபி53 (TP53) என்ற மரபணுக் கோளாறு உண்டா என்று பார்த்தாக வேண்டும். இருந்தால் பழைய கீமோ சரியாக வேலை செய்யாது. இப்போது பெரும்பாலும் இரண்டு வழிகள். இப்ரூடினிப், அகாலாப்ரூடினிப் போன்ற மாத்திரைகள் ஒரு வழி, அவை பலன் தரும் காலம் முழுவதும் தினமும் தொடரும். பிரஷர், இதயத் துடிப்பு, ரத்தக்கசிவு இவற்றில் கண் வைக்க வேண்டும், இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் முன்பே சொல்லுங்கள். இன்னொன்று வெனிடோக்ளாக்ஸ் மாத்திரையும் ஒபினுடூசுமாப் ஊசியும். ஏறக்குறைய ஒரு வருடத்தில் நிறுத்திவிடலாம். ஆனால் மாத்திரையின் அளவை ஐந்து வாரத்தில் படிப்படியாக ஏற்றும்போது அடிக்கடி ரத்தப் பரிசோதனை உண்டு, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அந்த வாரங்களில் அம்மா தனியாக அவரைக் கூட்டிப்போய் வர முடியுமா, நீங்கள் லீவு போட முடியுமா? இதையும் செலவையும் டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் எது கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இப்போதே கேட்டு வையுங்கள்.

நிமோனியா, ஃப்ளூ, அக்கித் தடுப்பூசிகளைச் சிகிச்சைக்கு முன்பே போட முடியுமா என்று கேளுங்கள். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி மட்டும் கூடாது. மஞ்சள் காமாலை 'பி' பரிசோதனையும் அவசியம். யாராவது தரும் லேகியம், சூரணம் எதையும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

ஊருக்குப் போகும்போது ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிப் போங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ராத்திரியில் கூப்பிட்டால் கார் எடுத்து வரக்கூடிய இரண்டு பேரின் எண்களை, அம்மா கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.