சாமிக்குப் பறிக்க மணக்கிற ரோஜா

கேள்வி: முற்றத்தில் ரோஜா வைத்தேன் அண்ணா. பூ அழகுதான், மணமே இல்லை. மழைக்காலத்தில் இலை கரும்புள்ளி விழுந்து கொட்டுகிறது. மணமும் வேண்டும், திரும்பத் திரும்பப் பூக்கவும் வேண்டும். இந்த ஊரில் நடக்குமா?
- ஒரு வாசகி, செயின்ட் ஆந்த்ரே, ரீயூனியன்

பதில்: நடக்கும் தங்கச்சி. நீங்கள் கேட்கிற குணமுள்ள ரோஜா நம் தீவில் பிறந்ததுதானே! ரீயூனியனுக்குப் 'பூர்போன் தீவு' என்று பேர் இருந்த காலத்தில், நிலத்துக்கு வேலியாக மணத்துக்குப் பேர்போன டமாஸ்க் ரோஜாவையும் விடாமல் பூக்கும் சீன ரோஜாவையும் வைப்பார்கள். இரண்டும் தாமாகக் கலந்து ஒரு செடி முளைத்தது. பிரெயோன் என்ற தாவரவியலாளர் அதன் விதையைப் பாரிஸுக்கு அனுப்பினார். 1820-ஐ ஒட்டிய கதை. தமிழ்நாட்டில் மாலைக்கு விளைகிற எட்வர்டு ரோஜாவும் இந்தக் குடும்பம்தான்.

ஆகவே நர்சரியில் 'பூர்போன்' என்றே கேளுங்கள். பழைய வேலி கண்ணில் பட்டால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, பென்சில் பருமனில் முற்றிய குச்சி ஒரு சாண் வெட்டி ஊன்றுங்கள்.

காலை வெயில் படுகிற இடமாகப் பாருங்கள். இரவு மழையில் நனைந்த இலை சீக்கிரம் காய்ந்தால் கரும்புள்ளி குறையும். தண்ணீர் வேரடியில் மட்டும். உதிர்ந்த நோய் இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

பலரும் செய்யாமல் விடுவது ஒன்று உண்டு. பூர்போன் நீளமாகக் கொம்பு விடும். நிமிர்ந்தே விட்டால் உச்சியில் மட்டும் நாலு பூ. கொம்பை மெல்ல வளைத்துத் தரையோரம் முளையடித்துக் கட்டுங்கள். கணுவுக்குக் கணு பக்கக் கிளை கிளம்பி எல்லாவற்றின் நுனியிலும் மொட்டு வரும். புயல் மாதங்களில் காற்றுக்கும் தாங்கும். வாடிய பூவை உடனே கிள்ளுங்கள், காய் பிடித்தால் அடுத்த பூ தாமதம். கவாத்து ஜூலை கடைசியில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: 'சுவனீர் தெ லா மால்மேசோன்' ரோஜாவின் மொட்டு விரியாமலே அழுகுகிறது. என்ன மருந்து?
- ஒரு வாசகர், சலாசி

பதில்: மருந்து வேண்டாம். 1843-இல் பிரான்சின் லியோனில் உருவான பூர்போன் அது. இதழ் அடர்த்தி அதிகம். மழையில் வெளி இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். தொட்டியில் வைத்துக் கூரைக்கு அடியில், வெளிச்சமுள்ள ஓரமாக நகர்த்துங்கள். அப்புறமும் விரியவில்லையா? காய்ந்த மேற்குக் கரையில் சம்பந்தி வீடு இருந்தால் சீர்வரிசையில் அனுப்பிவிடுங்கள்.